அப்பலாச்சியன் டிரெயிலில் ஊர் நாள்: இறங்குவது முதல் மீண்டும் ஏறுவது வரை

ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்ப்ரிங்கர் மலையில் தொடங்கி மெய்னில் உள்ள கட்டாடின் சிகரத்தில் முடிகிறது அப்பலாச்சியன் டிரெயில். 14 மாநிலங்கள், சுமார் 3,530 கிலோமீட்டர். ஒரே பருவத்தில் முழுவதையும் நடந்து முடிக்க ஐந்திலிருந்து ஏழு மாதம் ஆகும். மூன்று முதல் ஆறு நாளுக்கு ஒருமுறை பாதை ஏதாவது ஒரு தார்ச்சாலையைக் கடக்கும். அங்கிருந்து ஊருக்கு இறங்கி, சாப்பாட்டுப் பையை நிரப்பி, துணி துவைத்து, காலுக்கு ஓய்வு கொடுத்து மறுபடி ஏறவேண்டும். ஒரு அடிகூட டிரெயிலில் நடக்காத நாளை நடையர்கள் ‘ஜீரோ’ என்பார்கள். காலையில் சில கிலோமீட்டர் நடந்து ஊருக்கு வந்துவிடும் நாளும், மதியத்துக்கு மேல் ஊரைவிட்டுக் கிளம்பிச் சிறிது தூரம் போகும் நாளும் ‘நீரோ’.

புதிதாக வருகிறவர்கள் கூடாரத்தைப் பற்றியும் கரடியைப் பற்றியும் மாதக்கணக்கில் படித்துவிட்டு வருகிறார்கள். ஊரைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால் பணமும் நாளும் கரைவது ஊரில்தான். அங்கே முடிக்கவேண்டிய வேலை எட்டு ஒன்பது இருக்கிறது. சரியான வரிசையில் செய்தால்தான் காலை நீட்டிப் படுக்க நேரம் மிஞ்சும்.

முதலில் கணக்கு

வடக்கு நோக்கி நடப்பவர்களுக்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது. கட்டாடின் இருக்கும் பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவில் கூடாரமடித்துத் தங்கும் காலம் அக்டோபர் 15-ஓடு முடிந்துவிடும். அதற்கு முன்பே மோசமான வானிலையால் சிகரப் பாதையை மூடிவிடும் நாட்களும் வரும். ஆகவே அக்டோபர் 1-க்குள் முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து பி-2 சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு இன்னொரு எல்லை உண்டு. வழக்கமாக ஆறு மாதம் வரைதான் தங்க அனுமதிப்பார்கள். விசாவில் உள்ள தேதியைப் பார்க்காதீர்கள், நாட்டுக்குள் நுழையும்போது பதிவாகும் ஐ-94-ல் என்ன தேதி இருக்கிறதோ அதுதான் கணக்கு.

ஏப்ரல் 1-ல் தொடங்கி அக்டோபர் 1-ல் முடித்தால் 183 நாள். ஜீரோவே எடுக்காவிட்டால் நாளுக்குச் சராசரி 19.3 கி.மீ. நடக்கவேண்டும். 20 ஜீரோ எடுத்தால் மிச்சம் 163 நாள், சராசரி 21.7 கி.மீ. ஆகிறது. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் முதல் மூன்று வாரம் பலரால் நாளுக்கு 16 கி.மீ.க்கு மேல் நடக்கமுடியாது. அந்தப் பற்றாக்குறையும் பின்னால் சேர்ந்து வரும். மாதத்துக்கு மூன்று ஜீரோ என்பது நிதானமான கணக்கு.

பணக் கணக்கு இதைவிடக் கறாரானது. முழு ஜீரோ என்றால் இரண்டு இரவு வாடகை. ஹாஸ்டலில் ஒரு கட்டிலுக்குச் சுமார் 30 முதல் 50 டாலர் வரை, மோட்டல் அறை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆறு வேளை ஓட்டல் சாப்பாடு வேறு. இதற்கு நல்ல மாற்று, இரண்டு நீரோவை ஒட்டவைப்பது. முந்தின இரவு சாலையிலிருந்து ஐந்தாறு கி.மீ. தொலைவில் முகாமிடுங்கள். காலை ஒன்பது மணிக்கெல்லாம் சாலைக்கு வந்து ஊருக்குப் போய்விடுங்கள். மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரே இரவு வாடகையில் ஊரில் 26, 27 மணி நேரம் கிடைக்கும். இரண்டு நாளிலும் கொஞ்சம் தூரமும் நடந்திருப்பீர்கள். மாலை ஐந்து மணிக்கு ஊருக்குள் நுழைவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. தபால் நிலையம் மூடியிருக்கும், கட்டில் நிறைந்திருக்கும், மறுநாள் முழுவதும் வேலையிலேயே போய், அதற்கும் ஓர் இரவு வாடகை கொடுக்க நேரும்.

முழு ஜீரோ எடுக்கவேண்டியது எப்போது? உடம்பில் உண்மையான கோளாறு இருந்தால், ஸ்லீப்பிங் பேக்கைத் துவைக்கவேண்டியிருந்தால், அல்லது மேலே குளிர்மழையோ பனிப்புயலோ வருவதாக இருந்தால். நான்கைந்து டிகிரி குளிரில் நாள் முழுக்கப் பெய்யும் மழை, பூஜ்யத்துக்குக் கீழே போகும் காய்ந்த குளிரைவிட ஆபத்தானது. நனைந்த உடம்பின் சூடு வேகமாக இறங்கும். கூட நடக்கும் நண்பர்கள் தங்குகிறார்கள் என்பது மட்டும் காரணமாகாது. கூட்டத்தோடு தங்கி இரண்டு ஜீரோ, மூன்று ஜீரோ என்று நீள்வது டிரெயிலில் அன்றாடம் நடப்பது.

எந்த ஊர்

தெற்கிலிருந்து வருபவர்களுக்கு முதல் ஐந்நூறு கி.மீ.யில் ஊர்கள் இப்படி அமைகின்றன. சுமார் 111-வது கி.மீ.யில் டிக்ஸ் க்ரீக் கேப் (‘கேப்’ என்றால் கணவாய், சாலை கடக்கும் இடம்). அங்கிருந்து ஹயாவாசி 18 கி.மீ. இங்கே ஒரு நீரோ போதும். முதல் வாரத்தில் கால் வலிப்பது இயல்பு. அதற்காக முழு நாளும் படுத்தால் மறுநாள் இன்னும் விறைத்துக்கொள்ளும். சுமார் 176-வது கி.மீ.யில் வைண்டிங் ஸ்டேர் கேப். அங்கிருந்து பிராங்க்ளின் 16 கி.மீ. பெரிய சூப்பர் மார்க்கெட், டிரெயில் பொருட்கள் விற்கும் அவுட்ஃபிட்டர் கடை, மருந்துக்கடை எல்லாம் உள்ள ஊர். முதல் ஜீரோவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பக்கத்தில் இல்லை. ஷூ சரியில்லை, பையில் கனம் அதிகம் என்பதெல்லாம் அதற்குள் தெளிவாகத் தெரிந்திருக்கும். கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கான நடை அனுமதிச் சீட்டையும் இங்கேயே எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம். எடுத்த நாளிலிருந்து 38 நாள் வரை செல்லும். பூங்காவைக் கடக்க 8 நாள் தருவார்கள். வீட்டிலிருந்தே முன்கூட்டி எடுத்துவிட்டு, மெதுவாக நடந்து காலாவதியாக்கிவிடுகிறவர்கள் உண்டு.

ஸ்மோக்கியின் நடுவில் நியூஃபவுண்ட் கேப். அங்கிருந்து 24 கி.மீ. இறங்கினால் கேட்லின்பர்க். அது சுற்றுலா ஊர். சனி, ஞாயிறில் அறை வாடகை எகிறும். நடையருக்கு வேண்டியது குறைவு, வேண்டாதது ஏராளம். சாப்பாடு வாங்கிக்கொண்டு அன்றே திரும்பிவிடுவது நல்லது. சுமார் 443-வது கி.மீ.யில் ஹாட் ஸ்பிரிங்ஸ். டிரெயிலே ஊரின் முக்கியத் தெரு வழியாகப் போகிறது, வண்டி தேடவேண்டியதில்லை. ஆனால் மிகச் சின்ன ஊர், பெரிய சூப்பர் மார்க்கெட் கிடையாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளம் ஹாட் ஸ்பிரிங்ஸையும், அதற்கு வடக்கே பாதையோரம் உள்ள எர்வின், டமாஸ்கஸ் ஊர்களையும் கடுமையாகத் தாக்கியது. அதற்கு முன் அச்சான வழிகாட்டியில் உள்ள கடை, ஹாஸ்டல், தபால் நிலையத் தகவலை நம்பாமல், போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வடக்கே போகப் போக ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி, ஹேனோவர் போன்ற ஊர்கள் பாதையிலேயே வரும். கடைசி ஊரான மான்சன் மட்டும் தனி ரகம். அங்கிருந்து ‘நூறு மைல் வனாந்தரம்’ தொடங்குகிறது. வழியில் கடையே இல்லை என்பதால் இங்கே வேலையை அரைகுறையாக விட்டுப் போகக்கூடாது.

முந்தின இரவு

கூடாரத்தில் படுத்தபடியே செய்யவேண்டியவை:

1. தேவைப்பட்டியல் எழுதுங்கள். எது தீர்ந்தது, எது கிழிந்தது, எது மிஞ்சியது என்பது காட்டில்தான் ஞாபகம் இருக்கும். ஊருக்குள் நுழைந்ததும் பீட்சா வாசத்தில் எல்லாம் மறந்துபோகும்.
2. சிக்னல் கிடைத்தால் ஹாஸ்டலுக்குப் போன் செய்து கட்டில் சொல்லிவையுங்கள். சாலையிலிருந்து அழைத்துப்போக வண்டி அனுப்புவார்களா, எவ்வளவு, கார்டு எடுப்பார்களா என்று கேளுங்கள். வண்டி ஓட்டுபவர்கள் பலர் ரொக்கம் மட்டும்தான் வாங்குவார்கள். 5, 10 டாலர் நோட்டாக ஒரு 60 டாலர் கையில் இருக்கட்டும்.
3. என்ன கிழமை என்று பாருங்கள். காட்டில் கிழமை மறந்துவிடும். சிற்றூர்த் தபால் நிலையங்கள் மதிய உணவுக்கு மூடும். சனிக்கிழமை சில மணி நேரம்தான், ஞாயிறு கிடையாது. மே மாதக் கடைசித் திங்கள், ஜூன் 19, ஜூலை 4, செப்டம்பர் முதல் திங்கள் ஆகிய விடுமுறைகளும் நடைப்பருவத்துக்குள்தான் வருகின்றன.

லிஃப்ட் கேட்டுப் போவது டிரெயில் ஊர்களில் சகஜம் என்றாலும் எல்லா மாநிலச் சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. தனியாக நடப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், வாகனக்காரர்களின் பட்டியலை வைத்திருந்து காசு கொடுத்தே போவது நல்லது. அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி அப்படியொரு பட்டியலை வெளியிடுகிறது.

ஊரில் முதல் மூன்று மணி நேரம்

ஹாஸ்டலுக்கு வந்ததும் முதலில் பவர் பேங்கைச் சார்ஜில் போடுங்கள். குளிப்பதற்கும் முன்னால். காரணம் எளிது: 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 37 வாட்-மணி. பழைய 5 வாட் சார்ஜரில் நிரம்பப் பத்து மணி நேரம் பிடிக்கும். 20 வாட் சார்ஜரில் மூன்று மணி நேரத்தில் முடியும். ஊரில் அதிக நேரம் கேட்கும் வேலை இதுதான். இரண்டு துளை உள்ள 20 வாட்டுக்கு மேற்பட்ட சார்ஜர் ஒன்று வைத்திருந்தால் போனும் பவர் பேங்கும் சேர்ந்தே ஏறும்.

இரண்டாவது, பையைக் கவிழ்த்து ஈரமானதையெல்லாம் வெளியே எடுங்கள். கூடாரத்தைக் கொடியிலோ வேலியிலோ விரித்துப் போடுங்கள். ஈரமாகச் சுருட்டிவைத்த கூடாரத்தில் பூஞ்சை பிடித்தால் வாடை போகாது, நீர் தடுக்கும் பூச்சும் உரிய ஆரம்பிக்கும். ஷூவிலிருந்து உள்ளட்டையை உருவித் தனியே காயவையுங்கள். ஷூவைச் சூடான டிரையரிலோ அடுப்பருகிலோ வைத்தால் பசை விட்டுப்போகும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணிக்கொருமுறை மாற்றினால் போதும்.

மூன்றாவது, தபால் நிலையம் திறந்திருந்தால் குளிக்காமலேயே போய்வாருங்கள். அங்கே உங்களைப்போல் ஆயிரம் பேரைப் பார்த்திருப்பார்கள்.

அப்புறம் குளியல். பிறகு லாண்ட்ரி. துணி சுற்றும் நேரத்தில் சாப்பாடு. வயிறு நிறைந்தபின் கடை. இந்தக் கடைசி வரிசை மாறக்கூடாது. பசியோடு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனால் இரண்டு கிலோ அதிகமாகத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். அடுத்த ஏற்றத்தில் அது முதுகில் தெரியும்.

பெட்டி அனுப்பி எடுப்பது

அமெரிக்கத் தபால் துறையில் ‘ஜெனரல் டெலிவரி’ என்றொரு வசதி உண்டு. உங்கள் பெயர், அடுத்த வரியில் ஜெனரல் டெலிவரி, பிறகு ஊர், மாநிலம், அஞ்சல் எண் என்று எழுதினால் அந்தத் தபால் நிலையத்திலேயே எடுத்துவைத்திருப்பார்கள். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். டிரெயிலில் கிடைத்த பட்டப்பெயரை எழுதினால் அடையாள அட்டையோடு பொருந்தாது. இனிஷியல் வைத்துக்கொள்ளும் தமிழர்கள் இதில் கவனமாக இருக்கவேண்டும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப்பெயராக இருந்தால் பெட்டியிலும் அப்படியே எழுதுங்கள். ஓரத்தில் ‘அப்பலாச்சியன் டிரெயில் நடையருக்காக வைத்திருக்கவும்’ என்பதையும் வந்துசேரும் உத்தேசத் தேதியையும் ஆங்கிலத்தில் குறியுங்கள். வழக்கமாக 30 நாள் வரை வைத்திருப்பார்கள். வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் அனுப்பச் சொல்வது சரியான இடைவெளி.

ஜெனரல் டெலிவரி, தபால் துறை வழியாக வரும் பெட்டிக்கு மட்டும்தான். யுபிஎஸ், ஃபெட்எக்ஸ் போன்ற தனியார் கூரியரில் வருவதை ஹாஸ்டல் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெட்டி வைத்திருக்கச் சில ஹாஸ்டல்கள் கட்டணம் வாங்கும். தபால் துறையின் ‘பிரயாரிட்டி மெயில்’ சேவையில் வந்த பெட்டியை நீங்கள் பிரிக்காமலேயே இருந்தால் அடுத்த ஊருக்குக் கட்டணமின்றித் திருப்பிவிடச் சொல்லலாம். ஆகவே கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு முன், இது இப்போது தேவையா என்று ஒரு கணம் யோசியுங்கள். அடுப்புக்கான கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் போகும் தபாலில் அனுப்பக்கூடாது. அதை ஊரில் வாங்கிக்கொள்வதே எளிது.

எல்லா ஊருக்கும் வீட்டிலிருந்தே பெட்டி அனுப்பிவைப்பது புதியவர்களின் வழக்கம். மூன்றாவது மாதத்தில் அதே ஓட்ஸ் வாயில் இறங்காது. பெட்டி தேவைப்படுவது நல்ல கடை இல்லாத ஊர்களுக்கு மட்டும்தான்.

துணியும் ஸ்லீப்பிங் பேக்கும்

எல்லாத் துணியையும் ஒன்றாகத் துவைக்க மழைக்கோட்டையும் மழைப் பேன்ட்டையும் மட்டும் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் டிரெயில் வழக்கம். பல ஹாஸ்டல்களில் மாற்றுத்துணி ஒரு கூடையில் கிடக்கும். நாணய லாண்ட்ரியில் கால் டாலர் காசு மட்டுமே எடுக்கும் எந்திரங்கள் இன்னும் உண்டு. துவைத்து உலர்த்த ஆறேழு டாலருக்குச் சில்லறை வேண்டும்.

போடுவதற்கு முன் எல்லா ஜேப்பையும் துழாவுங்கள். உதட்டுக் களிம்பு ஒன்று உருகினால் முழுத் துணியும் போச்சு. சாக்ஸை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். கொப்புளத்துக்குக் காரணமான மணல் உள்ளேதான் இருக்கிறது. துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம். வியர்வை உறிஞ்சும் துணியில் அது படலமாகப் படியும். மெரினோ கம்பளித் துணியைக் குறைந்த சூட்டில் மட்டும் உலர்த்தவேண்டும்.

வாத்தின் மென்சிறகு (‘டவுன்’) அடைத்த ஸ்லீப்பிங் பேக் மூன்று மாதத்தில் வியர்வையும் எண்ணெயும் ஏறித் தட்டையாகிவிடும். பிறகு குளிரும். துவைக்க வழி இது: நடுவில் சுழல்கோல் இல்லாத, முன்பக்கம் கதவுள்ள எந்திரம் மட்டும். சுழல்கோல் உள் தடுப்புகளைக் கிழித்துவிடும். டவுனுக்கென்றே விற்கும் சோப்பு, மெதுவான சுழற்சி, இரண்டு முறை அலசல். நனைந்த பேக்கை ஒரு முனையில் பிடித்துத் தூக்காதீர்கள். இரண்டு கையாலும் அடியில் ஏந்தி எடுங்கள். டிரையரில் குறைந்த சூடு, கூடவே சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டு மூன்று. இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். விரலால் தடவினால் கட்டி தட்டுப்படாதவரை ஓடவேண்டும். பாதியில் எடுத்துச் சுருட்டினால் உள்ளே அழுகும். இதனால்தான் இந்த வேலையை நீரோவில் தொடவே கூடாது.

கருவிகள்: ஒரு மணி நேரம்

சாயர் போன்ற குழாய்நார் தண்ணீர் வடிகட்டியைத் தலைகீழாகச் சுத்தநீர் செலுத்திக் கழுவுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் வேகமாக, வெளிவரும் நீர் தெளியும்வரை. இந்த வடிகட்டி ஒருமுறை உறைந்தால் அதற்குள் இருக்கும் நார் விரிசல்விடும். வெளியே ஒன்றும் தெரியாது, நீரும் வழக்கம்போல் வரும், கிருமியும் கூடவே வரும். உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே புதிது வாங்குங்கள்.

காற்றுமெத்தை இரவில் இறங்குகிறதா? குளியல்தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டுப்போடுங்கள். காட்டில் செய்ய முடியாத வேலை இது. ட்ரெக்கிங் ஸ்டிக்கைத் துண்டு துண்டாகக் கழற்றி ஈரம் துடைத்து இரவு முழுவதும் திறந்துவையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இறுகி, ஒருநாள் நீளம் மாற்றமுடியாமல் நிற்கும்.

கேஸ் எவ்வளவு மிச்சம் என்று குலுக்கிப் பார்த்துச் சொல்லமுடியாது. வாங்கியதும் எடைபோட்டு அடியில் எழுதிவைத்து, ஊருக்கு ஊர் மறுபடி எடைபோட்டுக் கழித்தால் தெரிந்துவிடும். தபால் நிலையத் தராசே போதும். அரை லிட்டர் கொதிக்க ஏழெட்டு கிராம், காற்றடித்தால் பத்து. நாளுக்கு இரண்டு கொதி என்றால் 100 கிராம் கேனிஸ்டர் ஐந்திலிருந்து ஏழு நாள் வரும்.

ஷூ 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். நடக்க நடக்கப் பாதம் விரிந்து வீங்கும். பழைய அளவையே வாங்கினால் இறக்கத்தில் கால்நகம் கறுத்து விழும். மாலையில், நடக்கும்போது போடும் அதே சாக்ஸோடு அளந்து, அரை அளவோ ஓர் அளவோ கூட்டி எடுங்கள்.

உடம்பைப் பார்ப்பது

குளிக்கும்போது உண்ணி தேடுங்கள். முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், தொப்புள், காதின் பின்புறம், முடி ஓரம். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணியின் குஞ்சு கசகசா விதை அளவுதான் இருக்கும். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் தொற்று ஏறும், ஆகவே நாள்தோறும் தேடுவதற்குப் பலன் உண்டு. கடித்த 3 முதல் 30 நாளுக்குள் விரியும் செந்தடிப்போ காய்ச்சலோ மூட்டுவலியோ வந்தால் அடுத்த ஊரில் ‘அர்ஜென்ட் கேர்’ மருத்துவமனைக்குப் போய், டிரெயிலில் நடப்பதைச் சொல்லுங்கள். தடிப்பு வராமலும் லைம் வரும்.

கால்வலி சாதாரணமா காயமா என்று அறிய ஊர்தான் இடம். நடையர்கள் பலர் ஐபுப்ரோஃபெனை மிட்டாய்போல் தின்கிறார்கள். அதை நிறுத்தாமல் வலியை எடைபோட முடியாது. ஜீரோ அன்று மாத்திரை போடாதீர்கள். காலையில் விறைப்பாக இருந்து அரைமணி நடந்ததும் விட்டுப்போனால் அது அலுப்பு. நடக்க நடக்கக் கூடினால், இரவில் படுக்கையிலும் குத்தினால், ஒரு காலில் மட்டும் வீங்கினால், எலும்பின் மேல் ஒரே புள்ளியில் தொட்டால் வலித்தால், அது காயம். இரண்டாவது ஜீரோ எடுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அலுப்புதான் என்றால் சமதரையில் இரண்டு மூன்று கி.மீ. உலாவிவிட்டுச் சுவரில் காலைச் சாய்த்துப் படுப்பது நாள் முழுக்கக் கட்டிலில் கிடப்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு ஹாஸ்டல்களில் வேகமாகப் பரவும். பெரும்பாலும் நோரோவைரஸ். கையில் தேய்க்கும் ஆல்கஹால் ஜெல் இதற்குச் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் வழி. பொதுவில் நீட்டும் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் கைவிடாமல், உங்கள் கையில் கொட்டச் சொல்லி வாங்குங்கள். உங்களுக்கே வந்துவிட்டால் பலர் படுக்கும் பொது அறையில் படுக்காமல் தனி அறை எடுங்கள். நின்றபிறகும் இரண்டு நாள் மற்றவர்களுக்குச் சமைக்காதீர்கள்.

சாப்பாடு: நாளாக எண்ணாதீர்கள், வேளையாக எண்ணுங்கள்

ஹாட் ஸ்பிரிங்ஸிலிருந்து எர்வின் சுமார் 110 கி.மீ. திங்கள் மதியம் சாப்பிட்டுக் கிளம்பி 12 கி.மீ., செவ்வாய், புதன், வியாழன் தலா 26 கி.மீ., வெள்ளி மூன்று மணிக்குள் மிச்சம் 20 கி.மீ. முடித்து ஊர். ஐந்து நாள் என்று நினைத்தால் 15 வேளை வாங்குவீர்கள். உண்மையில் இரவு நான்கு, காலை நான்கு, மதியம் நான்கு, மொத்தம் 12. அவசரத்துக்கு ஒரு வேளை சேர்த்து 13. இந்த ஒரு கணக்கிலேயே அரைக் கிலோ குறையும்.

கொறிப்பதும் சேர்த்து நாளுக்கு 750 முதல் 900 கிராம் போதும், கிராமுக்குச் சராசரி 4.4 கலோரி தருவதாகத் தேர்ந்தெடுத்தால். ஆலிவ் எண்ணெய் கிராமுக்கு 9 கலோரிக்குச் சற்றுக் குறைவு, நிலக்கடலை வெண்ணெய், முந்திரி, பாதாம் ஆறு, நூடுல்ஸ் நாலரை, டார்ட்டிலா என்னும் மெக்சிகோ சப்பாத்தி மூன்று. டார்ட்டிலா நசுங்காது, கெடாது என்பதால் குறைந்த கலோரியையும் மன்னித்துவிடலாம். பெட்டி, அட்டை எல்லாவற்றையும் கடை வாசலிலேயே கழித்து ஜிப் பைக்கு மாற்றுங்கள். செய்முறைக் குறிப்பைக் கத்தரித்து உள்ளே போட மறக்காதீர்கள்.

சைவ உணவுக்காரர்கள் பாக்கெட்டில் உள்ள பொருட்பட்டியலைப் படிக்கவேண்டும். உடனடிச் சோற்றுப் பாக்கெட்டுகளில் கோழிச்சாறு, மேலே சர்க்கரை பூசிய பாப்டார்ட் என்னும் ஜாம் பிஸ்கட்டில் மாட்டு ஜெலட்டின், டப்பா அவரை மசியலில் சிலசமயம் பன்றிக்கொழுப்பு என்று எதிர்பாராத இடங்களில் இருக்கும். உலர்ந்த அவரை மசியல், கூஸ்கூஸ், உடனடி உருளை மசியல், பால்பொடி போன்றவை சிற்றூரிலும் கிடைக்கும். மசாலா சாமான் கிடைக்காது. அமெரிக்காவில் உறவோ நட்போ இருந்தால் இட்லிப் பொடி, ரசப் பொடி, புளிக்காய்ச்சல் பொடி என்று 50 கிராம் பொட்டலங்களாகப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். டார்ட்டிலாவில் இட்லிப் பொடியும் ஆலிவ் எண்ணெயும் தடவிச் சுருட்டினால் அடுப்பில்லாத மதிய உணவு. கண்ணாடிப் பாட்டில் ஊறுகாய் மட்டும் வேண்டாம்.

ஊரில் இருக்கும்போது காட்டில் கிடைக்காததைத் தின்னுங்கள்: பழம், பச்சைக் காய்கறி, முட்டை, தயிர். பென்சில்வேனியாவில் பாதித்தூரம் தாண்டியதும் பைன் குரோவ் ஃபர்னஸ் கடையில் அரை காலன் ஐஸ்கிரீமை ஒரே மூச்சில் தின்னும் போட்டி உண்டு. அதற்கு விலக்கு அளிக்கலாம், ஆனால் அன்று மாலை தூரம் திட்டமிடாதீர்கள்.

ஹாஸ்டலில்

ஷூவும் ட்ரெக்கிங் ஸ்டிக்கும் வெளியே. குளிக்காமல் சோபாவில் உட்காரக்கூடாது. பையைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். முதலில் மெத்தை ஓரத் தையலில் மூட்டைப்பூச்சிக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் பெயரில் மோட்டல் அறை எடுத்து ஆறு பேர் நுழைவதால்தான் சில ஊர்களில் நடையர் என்றாலே முகம் சுளிக்கிறார்கள்.

கிளம்பும் காலை

வானிலையைப் பார்க்கும்போது ஊர்ப் பெயரைத் தட்டாதீர்கள். கேட்லின்பர்க் சுமார் 390 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நியூஃபவுண்ட் கேப் 1,538 மீட்டரில். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்தால் மேலே ஏழு டிகிரி குறைவு, காற்று தனி. டிரெயிலின் மிக உயர்ந்த இடமான, முன்பு கிளிங்மன்ஸ் டோம் என்றிருந்து 2024-ல் பழைய செரோக்கிப் பெயரான குவோஹிக்கு மாறிய சிகரம், 2,025 மீட்டர். அமெரிக்க வானிலைச் சேவையின் தளத்தில் உள்ள வரைபடத்தில் ஊரை விட்டு மலைமுகட்டைத் தொட்டால் அந்த உயரத்துக்கான முன்னறிவிப்பு கிடைக்கும். அடுத்த பகுதி வரைபடத்தையும் தண்ணீர் இருக்கும் இடங்களின் புதிய குறிப்புகளையும் வைஃபை இருக்கும்போதே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஊர்கள் பள்ளத்தில்தான் இருக்கும், ஆகவே ஊரைவிட்ட முதல் நடை எப்போதும் ஏற்றம். முதுகில் நான்கைந்து கிலோ புதுச் சாப்பாடு. அன்றைக்கு 10 முதல் 13 கி.மீ.க்கு மேல் திட்டமிடாதீர்கள். கணுக்கால், குதிகால் தசைநாண் கோளாறுகள் பலவும் தொடங்குவது ஜீரோவுக்கு மறுநாள் வேகமெடுப்பதில்தான்.

மறந்துவைக்கும் பொருட்கள் எப்போதும் அதேதான்: சுவரில் சார்ஜர், ஃபிரிட்ஜில் சீஸ், கொடியில் சாக்ஸ், வாசலில் ட்ரெக்கிங் ஸ்டிக். ஃபிரிட்ஜில் எதையாவது வைத்தால் ஒரு ஷூவின் உள்ளட்டையை அதன் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அதை எடுக்காமல் கிளம்பமுடியாது. அப்படியும் விட்டுவந்தால் திரும்பி இறங்காதீர்கள். ஹாஸ்டலுக்குப் போன் செய்து, தபால்செலவு அனுப்பி, அடுத்த ஊருக்கு அல்ல, அதற்கும் அடுத்த ஊரின் ஜெனரல் டெலிவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த ஊருக்கு உங்களுக்கு முன் பெட்டி போய்ச்சேராமல் போகலாம், அதற்காகக் காத்திருக்க இன்னொரு ஜீரோ எடுக்கவேண்டிவரும்.